வாழையிலைப் படுக்கை

— மெல்லங்க சம்மந்தி. தோளுக்கடியில கைய குடுக்காதீங்க. அங்க தோலே இல்ல.

— தெரியுது காந்தி. நேத்து ராத்திரி பூரா இவள புரட்டிப் போட்டுக்கினு இருந்தது யாரு, நான்தான. நீ அடி எலைய இழு. இழுத்துட்டு புது எலைய உள்ள தள்ளு. நடு நரம்ப சீவிட்டுத்தான் எடுத்தாந்திருக்கேன், முதுவுல குத்தாது.

— ஒட்டிக்கினு வருதுங்க.

— இன்னாது ஒட்டிக்கினு வருது?

— எலையோட தோலும் சேந்து வருது.

— தண்ணி தெளி. தோ, அந்த பாட்டில்ல இருக்குது பாரு உப்புத் தண்ணி, நர்சம்மா வெச்சிட்டுப் போனது. தெளிச்சி கொஞ்சம் ஊற வுட்டு அப்பறமா இழு. ஜல்தி பண்ணா பிஞ்சிக்கினு தான் வரும். பெட்ஷீட்டா இருந்தா இதுக்கே உசுரு போயிருக்கும். வாழ எலையாக்கண்டு இந்த மட்டுக்கும் வுடுது.

— அஸ்வினி, தோ ஆயிடுச்சி கண்ணு. அம்மாதான். கொஞ்சம் பல்ல கடிச்சிக்கினு இரு.

— கடிக்கறதுக்கு வாய் எங்க இருக்குது அவளுக்கு. உதடு பூரா கருகிப்போயி கெடக்குது, கண்ணு ஒட்டிக்கிச்சி. நாம பேசறது காதுல வுழுதோ இல்லியோ. ம், இப்ப தள்ளு. அப்பிடித்தான். ஆயிடுச்சி, வுடு.

— உங்க கொல்லை எலையில தான சம்மந்தி கல்யாணத்துக்கு ஊரே உக்காந்து சாப்புட்டுது. எங்க வூட்டுக்காரரு அதையே பெருமையா சொல்லிக்கினு திரிஞ்சாரு. சம்மந்தி வூட்டுல எலை கூட காசு குடுத்து வாங்கல, அவங்க தோட்டத்து எலைன்னு. இப்ப எம்பொண்ண அதே எலையில எடுத்துப் போட்டு வெச்சிருக்கேன்.

— அந்தப் பேச்ச வுடு காந்தி. பேசிப் பேசி இன்னா ஆவப்போவுது. சொல்றேன் கேளு, கூட்டேரிப்பட்டுல பஸ் ஏர்றேன், கையில எலைக்கட்டு. கண்டக்டரு சிரிச்சிக்கினே கேக்கறான், எந்த மண்டபம்மா, விசேஷம் யாருதுன்னு. விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குப்பா, தோலு வார்டுக்குன்னு சொல்லிட்டேன். எனக்கு மறைக்கத் தெரியல. பக்கத்துல ஒருத்தி, நல்லா படிச்சவ மாதிரி இருந்தா, கைப்பைய எடுத்துக்கினு முன்னால போயி நின்னுக்கினா. விழுப்புரம் வர்ற வரைக்கும் நின்னுக்கினே வந்தா மவராசி.

— கீழ டீக்கடையில மட்டும் இன்னாவாம். எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ்ல குடுக்கறான். தோலு வார்டுன்னு தெரிஞ்சா பேப்பர் கப்புல ஊத்தி பெஞ்சி மேல வெக்கிறான், கையில குடுக்க மாட்டேன்றான். இது ஒட்டாதுப்பா, மருந்தால வந்ததுன்னு டாக்டரே சொல்றாருன்னேன். தலைய ஆட்டிக்கினே மறுபடியும் பேப்பர் கப்ப எடுக்கறான்.

— எதிர் கட்டிலு திண்டிவனத்துக்காரம்மாள பாரு. ஒடம்பெல்லாம் கொப்புளம் வந்து எவ்ளோ நாளா கெடக்குது. ரெண்டு மவனுங்க. ஒருத்தன் அந்த வாசப்படிய தாண்டி உள்ள வந்திருக்கானா? சாப்பாட்டு கேரியர வாசல்லயே வெச்சிட்டு போன்ல கூப்புட்டு சொல்றான், எடுத்துக்கன்னு. நடக்க முடியாத மனுஷி எப்பிடி எடுத்துக்கும். நான் தான் எடுத்தாந்து குடுக்கறேன்.

— நம்ம மாப்ள மறுபடியும் எப்ப வர்றாருங்க?

— அவன் பேச்ச எடுக்காத. கம்பெனியில லீவு இல்லியாம். வந்தானே அன்னிக்கி, பாத்த இல்ல? அந்த தூணாண்ட நின்னுக்கினு கைக்குட்டைய வாயில வெச்சிக்கினான். பொண்டாட்டி கால தொடுடா, அவளுக்கு ஆறுதலா இருக்கும்ன்னேன். கண்ணு கலங்கிச்சே தவிர காலு நகரல. பெத்தவ நான், எனக்கே வெக்கமா இருந்துச்சி.

— அவர சொல்லி இன்னா பண்றது. பெத்த எனக்கே மொத நாளு கை நடுங்கிச்சி.

— உங்கை நடுங்கினாலும் வெச்ச இல்ல. அது போதும்.

— முன்னாலயே இட்டாந்திருக்கலாம் சம்மந்தி. அதத்தான் நெனச்சி நெனச்சி மாஞ்சி போறேன். மொத கொப்புளம் வந்த அன்னிக்கே ஒரு ஆட்டோ வெச்சிக்கினு வந்திருந்தா.

— இப்ப சொல்ற. அன்னிக்கி நீ இன்னா சொன்ன? காய்ச்சல் அடிச்சி, கண்ணு செவந்து, மூஞ்சி மாருலாம் முத்து முத்தா போட்டிருக்குது. பாக்கறவங்க அத்தினி பேரும் ஆத்தா வந்திருக்கான்னு தான சொன்னாங்க. முத்து போட்டவள எந்த வூட்டுல வெளிய இட்டாருவாங்க. நான் வாசல்ல வேப்பிலை சொருகுனேன், தாளிக்கறத நிறுத்துனேன், மஞ்சத்தண்ணி வெச்சேன். கெளியனூர்ல இருந்து நீயும் தான தெனமும் காலையில தலைக்கு ஊத்திக்கினு, ஈரப் பொடவையோட, இளநியும் வேப்பங்கொழுந்துமா பஸ் ஏறி வந்த. ஆஸ்பத்திரின்னு உன் வாயில ஒரு வார்த்த வந்துச்சா?

— வரல. உங்கள குத்தம் சொல்லல நானு.

— நானும் உன்ன சொல்லல. அந்த சாயந்தரம் வேப்பிலை கொத்தால முதுவ நீவுறேன். அரிக்குது அத்தன்னு தான் கேட்டா. ரெண்டு நீவு நீவியிருப்பேன். இலையோட தோலு சுருட்டிக்கினு வருது. வாழப்பழத் தோலு மாதிரி வருது காந்தி. ஆத்தா இப்பிடி செய்ய மாட்டாளேன்னு அப்ப தான் எனக்கு பொறி தட்டுச்சி. கத்துன கத்துல தெருவே வந்துடுச்சி.

— சம்மந்தி, சம்மந்தி, தோ பாருங்க. கை ஆடுது.

— எங்க?

— இடது கை. வெரலு வெட்டி வெட்டி இழுக்கறா மாதிரி இருக்குது. அய்யோ, இப்ப போயி.

— பதறாத. குளுருது அவளுக்கு. தோலு இல்லாத ஒடம்பு, ஃபேன் காத்து பட்டாலே நடுங்குது. அந்த துணிய தூக்கி கூடாரமாட்டம் போடு, மேல படாம. பாரு, நின்னு போச்சி.

— நின்னு போச்சிங்களா?

— நின்னு போச்சி. நீ ஏன் இப்பிடி வேர்த்து ஊத்திக்கினு நிக்கற. ஒக்காரு. எனக்கும் எந்தங்கச்சி நெனப்பு வந்துடுச்சி. ஜெயம். பொண்ணு பாக்க வந்தப்ப உங்கிட்ட சொன்னேனே.

— சொன்னீங்க.

— கை இப்பிடித்தான் மொதல்ல இழுக்கும் அவளுக்கு. அப்பறம் வாயில நொரை. கெணத்தாண்ட துணி தொவைக்கப் போனவ, போனவ தான். எங்க வூட்டுல ஒரு வலிப்புக்காரிய பாத்தது போதும், இன்னொருத்திய பாக்க எனக்குத் தெம்பு இல்லன்னு அன்னிக்கி உங்க எல்லார் எதிர்லயும் சொன்னேன். சொல்லிட்டு நானே தான் அழுதேன். ஞாபகம் இருக்குதா?

— நல்லா ஞாபகம் இருக்குதுங்க.

— காந்தி, உங்கிட்ட ஒன்னு கேக்கணும்னு ரொம்ப நாளா…

— அஸ்வினி அட்டெண்டர் யாரு? ரெண்டு பேரும் இருக்கீங்களா, நல்லதாப் போச்சு. பெரியம்மா, நைட்டு இங்க இருந்தது நீங்க தான?

— நான்தாம்மா சிஸ்டர். ராத்திரிக்கு நானு, பகலுக்கு இவங்க அம்மா. இப்ப ஊருக்குப் போயி எலை அறுத்துக்கினு வந்தேன். ஏன்?

— காலையில நான் டியூட்டிக்கு வந்தப்ப இந்த கட்டில் பக்கத்துல ஒரு டம்ளர் இருந்துது. பால் டம்ளர். அடியில வெள்ளையா மாவு மாதிரி தங்கியிருந்துது. என்ன அது?

— அதுவா. கூவக்கெழங்கு மாவும்மா. வயித்துக்கு குளிர்ச்சின்னு பாலுல ஒரு சிட்டிகை போட்டேன்.

— மூக்குல போட்டிருக்கற டியூப் எவ்ளோ சின்னது, அதுல மாவ ஊத்தினா அடைச்சுக்கும்னு உங்களுக்கு எத்தனை தடவ சொல்றது? பாலு, இளநீ, டாக்டர் எழுதிக் குடுத்த பவுடர். அத தவிர எதுவும் போகக்கூடாது. இந்த மலர்விழி சிஸ்டர் எப்பவும் திட்டிக்கிட்டே இருக்கான்னு என்ன நெனைக்காதீங்க. எனக்கும் இந்த வயசுல ஒரு தங்கச்சி இருக்கா.

— இனிமே ஊத்த மாட்டேன்மா. தப்பு தான்.

— சரி, அந்த மீதி எலைய எடுத்துட்டுப் போயி பைப்புல நல்லா கழுவி, பின்பக்கம் அடுப்பாங்கரையில வெந்நி வாங்கி ஊத்தி, ஆற வெச்சு எடுத்துட்டு வாங்க. அப்பிடியே தோட்டத்து அழுக்கோட போட்டா சீழ் புடிச்சுக்கும்.

— தோ போறேன். காந்தி, ஈ வுழாம பாத்துக்க. அவ கால் பக்கத்து துணி வெலகுது பாரு.

— பாத்துக்கறேன், நீங்க போங்க.

— அஸ்வினி அம்மா, இப்பிடி கொஞ்சம் தள்ளி வாங்க. ஜன்னல் பக்கம். உங்ககிட்ட தனியா பேசணும்.

— இன்னா சிஸ்டர். டாக்டரு எதுனா சொன்னாரா?

— காலையில ரவுண்ட்ஸ்ல பாத்தீங்கல்ல, அவர் மூஞ்ச. இந்த வியாதிக்கு ஒரு கணக்கு இருக்கும்மா. எந்த மருந்து ஒத்துக்கலயோ அது உள்ள போறது நின்னுட்டா, கொஞ்ச நாள்ல புது கொப்புளம் வர்றது நிக்கும். அப்பறம் தோல் மெல்ல மெல்ல கட்டும். இவளுக்கு நிக்கவே இல்ல. இன்னிக்கு தொடையில புதுசா வந்திருக்கு. யூரின் கம்மியாயிடுச்சு. பிரஷர் எறங்குது. சாயந்தரம் ஐசியூ-வுக்கு மாத்தப்போறாங்க.

— ஐசியூன்னா, பொழைக்க மாட்டாளா?

— அத நான் சொல்லக்கூடாது. டாக்டருக்கு ஒன்னு தான் புரிய மாட்டேங்குது. மருந்தே சாப்பிடலன்னு சொல்றீங்க, ஆனா ஒடம்பு மருந்து இன்னும் போய்க்கிட்டு இருக்கற மாதிரி நடந்துக்குது. நல்லா யோசிச்சு சொல்லுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி, பின்னாடி, எதுனா மாத்திரை?

— காய்ச்சலுக்கு மெடிக்கல்ல வாங்கிக் குடுத்தோம். அதத்தான் அன்னிக்கே சொன்னேனே.

— அது காய்ச்சல் வந்தப்பறம் குடுத்தது. இந்த நோவோட ஆரம்பமே அந்த காய்ச்சல் தான். அதுக்கு முன்னாடி ஏதோ ஒன்னு உள்ள போயிருக்கணும். மூட்டு வலிக்கு, யூரின்ல கிருமிக்கு, வலிப்புக்கு, இந்த மாதிரி மாத்திரைங்க தான் இப்பிடி பண்ணும். இவளுக்கு மூட்டு வலி வர்ற வயசா? நாட்டு மருந்து, பேதி மருந்து எதுனா குடுத்தீங்களா?

— சிஸ்டர்.

— சொல்லுங்க.

— வலிப்பு மாத்திரையும் பண்ணுமா?

— அதுதான் முக்கியமா பண்ணும். ஏன்?

— ஒன்னுமில்ல. சும்மா தான் கேட்டேன்.

— அஸ்வினி அம்மா, என்னப் பாருங்க. தரைய பாக்காதீங்க. அவளுக்கு வலிப்பு இருக்கா?

— சத்தமா பேசாதீங்க. கால்ல வுழறேன். அவ மாமியாரு வந்துடுவாங்க.

— இருக்கா, இல்லியா?

— இருக்குது. வயசுக்கு வந்ததுல இருந்து இருக்குது. மாத்திரை போட்டா ஒன்னும் வராது, நல்லா தான் இருந்தா. படிச்சா, பஸ்ல தனியா போவா வருவா. கல்யாணம் நெருங்கறப்ப அலைச்சல்ல, தூக்கம் இல்லாம ரெண்டு வாட்டி வந்துடுச்சி. பழைய மாத்திரை கேக்கலன்னு பாண்டியில ஒரு டாக்டர்கிட்ட இட்டுனு போனோம். அவரு வேற மாத்திரை மாத்திக் குடுத்தாரு. தெனம் ஒன்னு. அத போட்டதுல இருந்து வலிப்பு வரவே இல்ல. சாமி கண்ண தொறந்துடுச்சின்னு நெனச்சேன்.

— அவர் எதுவும் சொல்லலயா? ஒடம்புல எதுனா வந்தா நிறுத்தணும்னு?

— சொன்னாரு. தடிப்பு, அரிப்பு எது வந்தாலும் அன்னிக்கே நிறுத்திட்டு ஓடியான்னு ரெண்டு வாட்டி சொன்னாரு. சீட்டுலயும் கோடு போட்டுக் குடுத்தாரு.

— அப்பறம் ஏன்மா?

— அது மருந்தால வர்ற தடிப்புக்கு இல்லியா சிஸ்டர் சொன்னாரு. இது ஆத்தான்னு ஊரே சொல்லுது. நெத்தியில, கன்னத்துல, முத்து முத்தா. ஆத்தா வந்ததுக்கும் மாத்திரைக்கும் இன்னா சம்பந்தம்னு நெனச்சேன். ஆத்தா இருக்கறப்ப வலிப்பும் வந்துட்டா எம்பொண்ணு தாங்குவாளான்னு தான் எனக்கு பயம். வாய் புண்ணாயி அவளால முழுங்க முடியல. அதனால காலையில போறப்ப இளநியில கரைச்சி, தேங்காயோடவே வாயில வெச்சி ஊத்திட்டு வருவேன். மருந்து குடுக்கறது தெரிஞ்சா ஆத்தாவுக்கு ஆவாதுன்னு அந்த வூட்டுல வுட மாட்டாங்க. யாருக்கும் தெரியாம தான் குடுத்தேன்.

— கொப்புளம் வந்தப்பறமும் குடுத்தீங்களா?

— குடுத்தேன்.

— சரி. இங்க வந்தப்பறம்? இது அம்மை இல்ல, மருந்து அலர்ஜின்னு டாக்டர் மொத நாளே சொன்னாரே. அப்ப நிறுத்தினீங்களா?

— அன்னிக்கி அவரு கேக்கறப்ப சம்மந்தி எம்பக்கத்துல தோளோட தோளா நின்னுக்கினு இருந்தாங்க சிஸ்டர். அவங்க எதிர்ல எப்பிடி சொல்லுவேன் நானு. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே வலிப்புக்காரி வேணாம்னு வாய் தொறந்து சொன்னவங்க. சொல்லியிருந்தா எலையோட சேத்து இவள வுட்டுட்டு அன்னிக்கே பஸ் ஏறியிருப்பாங்க. தோலு ஆறி எழுந்து வந்தாலும் இவளுக்கு போறதுக்கு வூடு இருக்காது.

— நான் கேட்டதுக்கு பதில் சொல்லுங்க. கடைசியா எப்ப குடுத்தீங்க?

— இன்னிக்கி.

— இன்னிக்கா?

— காலையில. இளநீய நீங்களே ஊத்துங்கன்னு தான சிரிஞ்சி கையில குடுத்தீங்க. தேங்காய்க்குள்ளயே கரைச்சி ஊத்துனேன். ஊத்தறப்பலாம் கைய தூக்கி தள்ளப் பாக்கறா. டியூப்பு எரியுது போலன்னு நானு கைய புடிச்சிக்குவேன். தெனம் சாமிய வேண்டிக்கினு தான் ஊத்துவேன், வேற எதுனா மருந்தா இருக்கணும், இதுவா இருக்கக் கூடாதுன்னு.

— அய்யோ அம்மா. நாங்க நிறுத்தறதுக்கு ஊசி போட்டுக்கிட்டு இருக்கோம், நீங்க இந்தப் பக்கம்… மாத்திரைய எங்க வெச்சிருக்கீங்க? குடுங்க.

— ஜாக்கெட்டுல. இந்தாங்க. பட்டையில இன்னும் பாதி இருக்குது.

— ஒரு நாளைக்கு எத்தனை?

— ஒன்னு தான். ராத்திரி படுக்கறப்ப போடணும்னு தான் அவரு எழுதுனாரு. ராத்திரி இங்க சம்மந்தி இருக்காங்களே, எனக்கு வழி இல்ல. அதனால காலையில குடுக்கறேன். எப்ப குடுத்தாலும் ஒன்னு தான. சிஸ்டர், நானே எம்பொண்ண கொன்னுட்டேனா?

— அழறதுக்கு இப்ப நேரம் இல்ல. நான் டாக்டர்கிட்ட போறேன். அவர் வந்து எல்லார் எதிர்லயும் தான் கேப்பாரு. அதுக்கு முன்னாடி அந்த பெரியம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. அடுத்தவங்க வாயால கேக்கறத விட உங்க வாயால கேக்கட்டும். தோ வர்றாங்க பாருங்க.

— எலை நல்லா கழுவிட்டேன் காந்தி. வெந்நி ஊத்துனதுல கொஞ்சம் வாடிப்போச்சி, அதுவும் நல்லதுக்கு தான், ஒடம்புக்கு மெத்து மெத்துன்னு இருக்கும். நர்சம்மா ஏன் இப்பிடி ஓடுது? உன் மூஞ்சி ஏன் இப்பிடி இருக்குது? எங்கொழந்தைக்கு இன்னா ஆச்சி?

— எலைய அந்த ஸ்டூல் மேல வெச்சிட்டு இப்பிடி ஒக்காருங்க சம்மந்தி.

— ஒக்காந்துட்டேன். சொல்லு.

— உங்க கிட்ட நாங்க பொய் சொல்லி பொண்ணு குடுத்துட்டோம்.

— இன்னா பொய்?

— அஸ்வினிக்கு வலிப்பு இருக்குது. வயசுக்கு வந்ததுல இருந்தே. நீங்க ஜெயத்த பத்தி சொன்னப்ப எங்க வூட்டுக்காரரு என்ன பாத்தாரு, நான் அவர பாத்தேன். ரெண்டு பேரும் வாய மூடிக்கினோம். இவ அடுப்பாங்கரையில இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கினு தான் இருந்தா. அதுக்கு குடுத்த மாத்திரை தான் இப்ப இவ தோல உரிக்குது. அது தெரியாம நான் இன்னும் குடுத்துக்கினு இருந்தேன் சம்மந்தி. உங்க கண்ண மறைச்சி, டாக்டர் கண்ண மறைச்சி குடுத்தேன். நீங்க என்ன இன்னா வேணா பண்ணுங்க. இவள மட்டும் வேணாம்னு சொல்லிடாதீங்க.

— கால வுடு காந்தி.

— சொல்லுங்க, வேணாம்னு சொல்ல மாட்டேன்னு.

— கால வுடு, எழுந்திரு. எல்லாரும் பாக்கறாங்க. எந்த வேளைக்கு குடுத்த?

— காலையில.

— தெனமுமா?

— தெனமும்.

— எங்க வூட்டுக்கு இளநி எடுத்துக்கினு வந்தியே, அப்பவுமா?

— அப்பவும் தான். வாய் புண்ணாயி அவளால முழுங்க முடியாம போனதுல இருந்து.

— ஒரு நாளு கூட வுடலியா?

— வுடல. ஏன் சம்மந்தி இப்பிடி பாக்கறீங்க? திட்டிடுங்க. மனசுல வெச்சிக்கினு பாக்காதீங்க.

— எங்கிட்ட ஏன் சொல்லல நீ?

— வலிப்புக்காரிய பாக்க தெம்பு இல்லன்னு சொன்னவங்க கிட்ட எப்பிடிங்க சொல்லுவேன்.

— அத நான் எதுக்கு சொன்னேன்னு நெனச்ச? ஜெயத்துக்கு எங்க அப்பன் ஒரு மாத்திரை வாங்கிக் குடுக்கல. தெரிஞ்சா எவனும் கட்ட மாட்டான்னு மறைச்சி மறைச்சி வெச்சாரு. பேய் புடிச்சிருக்குதுன்னு மந்திரிச்சி கயிறு கட்டுனாங்க. நேரத்துக்கு ஒரு மாத்திரை குடுத்திருந்தா அவ கெணத்துல மெதந்திருக்க மாட்டா. அத தான் நான் இத்தினி வருஷமா சொல்லிக்கினு கெடக்கறேன். கேக்கறவங்களுக்கு வேற மாதிரி கேட்டிருக்குது.

— அப்ப உங்களுக்கு எம்மேல கோவம் இல்லிங்களா?

— கோவப்பட எனக்கு வாய் எங்க இருக்குது காந்தி.

— தெய்வம்ங்க நீங்க. உங்கள தெரிஞ்சிக்காம போயிட்டேனே. மொதல்லயே உங்க மடியில வந்து சொல்லியிருந்தா இந்நேரம் எம்பொண்ணு எழுந்து ஒக்காந்திருப்பா.

— அப்பிடி சொல்லாத. என்ன போயி தெய்வம்னு சொல்லாத.

— அஸ்வினி அம்மா, டாக்டர் கீழ இருந்து வந்துக்கிட்டு இருக்காரு. ஐசியூ-வுல பெட்டு சொல்லியாச்சு. அதுக்குள்ள ஒன்னு மட்டும் உறுதியா கேட்டுட்டு வரச் சொன்னாரு. ஒடம்புல எவ்ளோ மருந்து சேந்திருக்குன்னு பாக்கணுமாம். அவ பேச முடியாம போனதுல இருந்து இன்னி வரைக்கும், ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை தான? கூட கொறைய எதுவும் இல்லியே?

— மாரியாத்தா மேல சத்தியமா ஒன்னே ஒன்னு தான் சிஸ்டர்.

— ரெண்டுன்னு போய் சொல்லும்மா. வலிப்பு இருக்கறத உங்ககிட்ட சொன்னது எங்கம்மாளுக்குத் தெரிய வேணாம் அத்த, தெரிஞ்சா செத்துடும்னு கல்யாணமான மறு வாரமே இவ இன்னொரு பட்டைய எங்கையில தான் குடுத்து வெச்சா. ராத்திரி பாலுல கரைச்சி ஊத்துனது நானு.